தலைமேல் வைத்த கடிதம்

ஸ்பெயின் ராஜாவின் கடிதம் ஒன்று ஆறு மாதம் கப்பலில் குலுங்கிக் குலுங்கி, அவர் பிடித்து வைத்திருந்த தூரதேசத்துக்கு வந்து சேர்ந்தது. வெள்ளிச் சுரங்கத்தில் கட்டாய வேலையில் மாட்டிக்கொண்டு சாகிற ஜனங்களை உடனே விட்டுவிட வேண்டும் என்பதுதான் அதிலிருந்த உத்தரவு. நாம் போய்ச் சேர்ந்தால் அவர்கள் வீடு போய்ச் சேர்வார்கள் என்று வழியெல்லாம் கடிதத்துக்கு அதே நினைப்பு.

அங்கே கவர்னராக இருந்தவர் பெரிய வம்சத்துப் பிரபு. அவர் எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றி, கடிதத்தை முத்தமிட்டுத் தலைமேல் வைத்துக்கொண்டார். கடிதத்துக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

"ராஜா உத்தரவு என் தலைமேல். நிறைவேற்றத்தான் மாட்டேன்" என்றவர், அதை ஒரு வெள்ளிப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

உள்ளே இருபது கடிதங்கள் நெருக்கியடித்துக் கிடந்தன.

"உன்னையும் தலைமேல வெச்சாரா?" என்று கேட்டது ஒரு பழைய கடிதம்.

"வெச்சாரு. ஐயோ, அப்ப சுரங்கத்து ஜனங்க?"

"நாங்க அத்தனை பேரும் அவங்களுக்காக வந்தவங்கதான்."

அப்போது பெட்டி முனகியது: "கொஞ்சம் பொறுத்துக்குங்க. நீங்க இப்படி நெருக்கியடிச்சுக் கிடக்கிறது ராஜாவுக்கு மரியாதை இல்லையாம். கவர்னர் பெரிய பெட்டி செய்யச் சொல்லிட்டார். அதுக்கு வெள்ளி வேணும்னு காலையிலேயே இன்னும் நாப்பது பேரைச் சுரங்கத்துல இறக்கியாச்சு."