பூவரசங்குளம் விலக்கு

“தென்காசி - பண்பொழி பஸ்ஸு எங்க ஊருக்கு ரோடு பிரியுத விலக்குல நிக்கவே மாட்டேங்குது. அதான் மனு கொண்டாந்திருக்கேன்” என்றார் சங்கரபாண்டி. காவல் நிலையத்தில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் முறைப்படி எழுதி, அடியில் கோடு கூடப் போட்டிருந்தார்.

நிவேதா மனுவை வாங்கிப் படித்தாள். அவளுக்கு நாற்பத்திரண்டு பஸ் ஓடுகிறது. ஒன்றுக்கும் டீசல் போட்டதில்லை, ஒரு டிரைவருக்கும் சம்பளம் கொடுத்ததில்லை. இருபத்திரண்டு வயதில் இப்படி ஒரு முதலாளி மாவட்டத்திலேயே கிடையாது.

எல்லாம் கம்ப்யூட்டர் கேமில் ஓடுகிற பஸ்கள். எந்த நாட்டுக்காரரோ செய்த பஸ் ஓட்டும் கேமில், நம்மூர் ரோட்டையும் நம்மூர் பஸ்ஸையும் செய்து கூடுதலாகச் சேர்த்துவிடுவதுதான் அவள் வேலை. வேலை என்று அவள் சொல்லிக்கொள்வாள். அவள் அம்மா காளீஸ்வரி சொல்ல மாட்டாள்.

பி.காம். படித்தவளுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பாஷை புரியாத வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டாள். முதல் பஸ் ரோட்டுக்கு இரண்டடி மேலே பறந்தது. குற்றாலம் மெயினருவியில் தண்ணீர் கீழேயிருந்து மேலே ஏறியது. சக்கரம் தரையைத் தொட ஐந்து மாதம் ஆனது, அன்றைக்கு அவள் சந்தோஷத்தில் அழுதுவிட்டாள்.

இணையத்தில் தன் பக்கத்துக்கு ‘தென்காசி பஸ்’ என்று பெயர் வைத்து, குறைகளைத் தெரிவிக்க போன் நம்பரும் வீட்டு முகவரியும் கொடுத்திருந்தாள். அதுதான் வினையாகிவிட்டது. போன மாதம் ஒருவர், பஸ்ஸில் விட்ட குடையை எடுத்துத் தரச் சொல்லி வீட்டுக்கே வந்து சண்டை போட்டார். இன்னொருவர், கண்டக்டர் மரியாதையில்லாமல் பேசினான் என்று அரை மணி நேரம் போனில் திட்டினார். இவரும் அந்தக் கேஸ்தான் என்று நிவேதா நினைத்தாள்.

“ஏட்டி, பெரிய மனுசன் அச்சன்புதூர் தாண்டியிருந்து வெயில்ல வந்திருக்காரு. வெவரத்தச் சொல்லி அனுப்பு” என்று அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“அண்ணாச்சி, அங்கன நெறைய ஆளு ஏறுவாங்களோ?”

“ஏற ஆரும் இல்லம்மா. எறங்குததுக்கு மட்டும் போதும். அதுவும் சாயங்கால பஸ்ஸுக்கு.” மனுவின் கடைசி வரியை விரலால் காட்டினார். “விலக்குக்கு எதுத்தாப்ல பச்சைக் கேட்டு போட்ட வீடு ஒண்ணு உண்டு. அதயும் மறந்திராத.”

நிவேதாவுக்குப் பாவமாக இருந்தது. லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி, பஸ்ஸை ஓட்டிக் காட்டினாள். பண்பொழி பஸ் வயல்களுக்கு நடுவே போனது. பூவரசங்குளம் விலக்கு வந்தது, வெறும் புளியமரங்கள்தான் இருந்தன. பஸ் நிற்காமல் போய்விட்டது.

சங்கரபாண்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

“பாத்தீங்களா அண்ணாச்சி, இது வெறும் கேமு. நெசப் பஸ்ஸு நிக்கணும்னா டெப்போவுலதான் மனு குடுக்கணும்.”

“நெசப் பஸ்ஸு நிக்குதேம்மா. இப்ப அதுலதான வந்தேன்.”

நிவேதாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “பொறவு இதுல எதுக்கு ஸ்டாப்பு?”

“எம்மவன் விஜய்பாண்டி பட்டாளத்துல இருக்கான், காஷ்மீர்ல. போன வருசம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் லீவு அமையல, இந்த வருசமும் அமையல” என்றார் சங்கரபாண்டி. மனுவை எடுத்து, மேசையின் விளிம்புக்கு நேராக வைத்தார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

“தெனமும் இந்தப் பஸ்ஸ ஓட்டிக்கிட்டுத்தான் ஊருக்கு வருதான். எறங்கத்தான் ஸ்டாப்பு இல்ல.”