வெறும் வயிற்றோடு வந்தவள்

“வாயைத் திறங்க, பார்ப்போம்.”

லேப் அக்கா சொன்னதும் அவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாயை ஆவென்று திறந்து காட்டினாள். பல் இடுக்கில் பிஸ்கட் துணுக்கு எதுவும் இல்லை. அப்பாடா, இன்றைக்காவது வெறும் வயிற்றோடு வந்திருக்கிறாளே என்று அக்கா கையுறையை மாட்டிக்கொண்டாள்.

அக்கா சும்மா ஒன்றும் சந்தேகப்படவில்லை. கர்ப்ப காலத்துச் சர்க்கரைப் பரிசோதனையை இருபத்து நாலாவது வாரத்துக்கும் இருபத்தெட்டாவது வாரத்துக்கும் நடுவில் செய்துவிட வேண்டும். இவளுக்கு இருபத்தெட்டு முடிய மூன்றே நாள் பாக்கி. பன்னிரண்டாவது வார ஸ்கேன், பத்தொன்பதாவது வார ஸ்கேன், தைராய்டு, ரத்தசோகை என்று மற்றதெல்லாம் நாள் தவறாமல் நடந்திருந்தது. இது ஒன்றுக்கு மட்டும் டிமிக்கி. ஒரு வாரம், வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்றாள். அடுத்த வாரம், அந்த குளுக்கோஸ் தண்ணீரை நினைத்தாலே குமட்டுகிறது என்றாள். போன வாரம் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிய பிறகு, மறந்துபோய் ரெண்டு பிஸ்கட் சாப்பிட்டுவிட்டேனே என்று கன்னத்தில் கை வைத்தாள். துணுக்கு துப்பட்டாவில் அப்படியே ஒட்டியிருந்தது. மறந்துபோய்ச் சாப்பிட்ட மூஞ்சியா அது?

இருபது வருஷமாக ரத்தம் எடுக்கிற அக்காவிடம் இந்தப் பாச்சா பலிக்குமா? நேற்றே அவள் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் தண்ணீரைத் தவிர எதுவும் அவள் கண்ணில் படக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டாள். அந்த மனுஷன் பிஸ்கட் டப்பாவைத் தூக்கித் தன் ஆபீஸ் பைக்குள் வைத்துப் பூட்டிவிட்டாராம்.

முதல் ரத்தம் எடுத்தாயிற்று. குளுக்கோஸ் தண்ணீரை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். இனி ஒரு மணி நேரம் கழித்து ஒரு ஊசி, அதற்கு மேலும் ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று. அதுவரை எங்கேயும் எழுந்து போகக் கூடாது.

வெளியே வராந்தாவில் கூட்டம் சேர ஆரம்பித்தது. நர்ஸ் ஒருத்தி தலையை நீட்டி, இன்னும் எவ்வளவு நேரமாகும் என்று கேட்டாள். பத்து மணி ஆகும், எல்லாரையும் உட்காரச் சொல் என்று அக்கா கதவைச் சாத்தினாள். இதுதான் சாக்கு என்று நாற்காலியை விட்டு எழப்போனவளைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“உங்களுக்கு என்னதாம்மா பிரச்சினை? ஊசிக்குப் பயப்படுற ஆளும் இல்ல.”

அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தாள்.

“என் தங்கச்சிக்கு சுகர் ஏறுனது யாருக்குமே தெரியலக்கா. தெரிஞ்சப்ப லேட்டாயிடுச்சு. குழந்தை வயித்துலயே போயிடுச்சு. டெஸ்ட் பண்ணியாடின்னு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல.”

லேப் அக்காவுக்கு இத்தனை நாள் சோம்பேறித்தனம் என்று நினைத்து மனசுக்குள் திட்டித் தீர்த்தோமே என்று சங்கடமாக இருந்தது. அப்படியென்றால் முதல் ஆளாக ஓடி வந்திருக்க வேண்டாமா, தெரிந்துவிட்டால் சாப்பாட்டு முறை, மருந்து என்று ஆயிரம் வழி இருக்கிறதே என்று மெதுவாகச் சொன்னாள்.

“அதெல்லாம் எனக்குத் தெரியாதாக்கா? தெரிஞ்சுதான் பயம். டெஸ்ட் பண்ணாத வரைக்கும் ஒண்ணும் இல்லைன்னே நினைச்சுக்கிட்டு இருக்கலாம் இல்ல.”

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டாவது ஊசி ஆயிற்று. மூன்றாவதும் ஆயிற்று. மெஷின் ஓடி முடிகிற வரைக்கும் அவள் அக்காவின் கையை விடவே இல்லை.

தாள் வந்தது. அக்கா முதல் எண்ணைப் பார்த்தாள், இரண்டாவதைப் பார்த்தாள், மூன்றாவதை இரண்டு தடவை பார்த்தாள்.

“மூணுமே நார்மல்மா. ஒண்ணுகூட எல்லைகிட்டப் போகல.”

அவள் நம்பாமல் தாளைப் பிடுங்கித் தானே படித்தாள். அப்புறம் பொலபொலவென்று அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே, கொலைப் பசி பசிக்கிறது என்றாள். அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. தன் டிபன் டப்பாவைத் திறந்து கொடுத்து, அவள் வழித்துத் தின்கிறவரை பக்கத்திலேயே நின்றாள்.

முகம் கழுவிக்கொண்டு கிளம்பியவள், அவசரத்தில் அந்தத் தாளை மேசை மேலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். அக்கா அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே எதிர் அறைக்குப் போனாள். அங்கே அதற்குள் முதல் டோக்கனைக் கூப்பிட்டிருந்தார்கள். முப்பதாவது வாரமாகியும் சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டை மடித்துப் பைக்குள்ளேயே வைத்திருந்த ஒரு பெண்தான் அந்த முதல் டோக்கன். நாள் தவறி வருகிறவர்களை அந்த அறையில் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள் என்பது ஆஸ்பத்திரிக்கே தெரிந்த சங்கதி. பாவம், அந்தப் பெண் திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆனால், மூன்று இடத்தில் பஞ்சு ஒட்டிய கையை வெள்ளைக் கோட்டுக்குள் நுழைத்தபடி எதிரே வந்து உட்கார்ந்த டாக்டர், அந்தச் சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “பயமா இருந்துச்சாம்மா?” என்று கேட்டாள்.