கருத்துக் கேட்பு

வேலை முடிந்து ஓசூரிலிருந்து பர்கூர் திரும்பும் கம்பெனி பஸ்ஸில், செய்தித்தாள் கட்டுரை ஒன்றைத் தினமும் மேகலா உரக்க வாசிப்பாள். வரதட்சணை, சாதி, செல்போன் என்று எதுவானாலும் ஊர் வந்து சேரும்வரை பஸ்ஸுக்குள் ஒரே வாதம்தான்.

இன்று எச்.ஆர். குருமூர்த்தியே ஒரு கட்டுரையை வெட்டிக் கொடுத்திருந்தார். "எல்லாரையும் பேச வைம்மா. வீடியோ எடுத்து அனுப்பு."

என்றைக்கும் இல்லாத அந்த அக்கறை அவளை உறுத்தியது. ஆனாலும் வாசித்தாள். தொழிலாளியின் கருத்தைக் கேட்காமல் அவன் இடத்தில் இயந்திரத்தை வைப்பது அநீதி என்று முடிந்தது கட்டுரை.

பஸ் கொதித்தது. எப்போதும் வாயே திறக்காத தங்கமணியையும் மேகலா விடவில்லை. "நீயும் சொல்லுக்கா."

"இத்தனை வருசமா ஒயரு கோத்த கை இது. மெசினு வந்துட்டா இந்தக் கைய நான் எங்க கொண்டு போயி வெக்கறது?"

மேகலா கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடியோவை அனுப்பினாள். சூளகிரி தாண்டுவதற்குள் குருமூர்த்தி கூப்பிட்டார்.

"பார்த்தேன்மா. ஒருத்தர் விடாம பேசிட்டாங்கல்ல?"

"பேசிட்டாங்க சார். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க சார்."

"கேக்காம செஞ்சோம்னு இனி யாரும் சொல்ல முடியாது. மெஷின் நேத்தே வந்து இறங்கிடுச்சு. நாளையிலிருந்து பர்கூர் பஸ் கிடையாது. நீயே அவங்ககிட்டச் சொல்லிடு."

போன் அடங்கிய பிறகும் அவள் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. முதன்முறையாகப் பேசிவிட்ட பூரிப்பில் பின்சீட்டிலிருந்து தங்கமணி கேட்டாள்:

"மேகலா, நாளைக்கு என்னா கட்டுரை படிக்கப் போற?"