குடிகாரன் மகள்

அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். அப்படியும் விரல்கள் தாமாகவே துள்ளின.

டாக்டர் பரிசோதனை முடிவைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"உங்க அப்பாவுக்கும் இந்த மாதிரி கை கால் ஆட்டம் இருந்துச்சா?"

"அவர் குடிகாரர் சார். தள்ளாடுவார்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஹண்டிங்டன் நோய் என்றார் டாக்டர். மரபணுவில் ஒரு பிழை. மூளையின் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். நடை தடுமாறும். பேச்சு குழறும். காரணமில்லாமல் கோபம் வரும். தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

"பார்க்கிறவங்க, குடிச்சிருக்காங்கன்னுதான் நினைப்பாங்க."

அப்பா பஸ் கண்டக்டர். ஓடும் பஸ்ஸில் பயணிகள் மேல் விழுகிறார் என்று வேலையை விட்டு நிறுத்தினார்கள். குடிப் பழக்கத்தை நிறுத்தும் மறுவாழ்வு மையத்தில் கட்டிலோடு கட்டிப் போட்டார்கள். திரும்பி வந்தும் தள்ளாடினார்.

அம்மா கதவைத் திறக்கவில்லை.

திண்டுக்கல் மார்க்கெட்டில், பூட்டிய கடை ஒன்றின் வாசலில் செத்துக் கிடந்தார். அவள் தம்பி முருகவேல் கொள்ளி வைக்க மாட்டேன் என்றுவிட்டான். ஊர்க்காரர் ஒருவர் வைத்தார்.

அன்று அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

குடிகாரன் மகள் என்று அவளைப் பெண் கேட்டு யாரும் வரவில்லை. அதற்கும் அப்பாவைத்தான் திட்டினாள்.

வராந்தாவுக்கு வந்ததும் கேட்டாள்.

"அப்பா மேல சாராய வாடை வந்திருக்காம்மா?"



"ஒருநாளும் வந்ததில்ல. ஊரே சொல்லுச்சு. நானும் நம்பிட்டேன்."

பிறகு அம்மா அவள் கையை இறுகப் பிடித்தாள்.

"தம்பிகிட்ட சொல்லிராத. கல்யாணம் முடியட்டும்."

தம்பிக்குப் பெண் பார்த்ததே அவள்தான். நல்ல பெண். வாய் நிறைய அண்ணி, அண்ணி என்பாள்.

அந்தப் பெண்ணும் ஒருநாள் கதவைச் சாத்துவாள்.

போன் அடித்தது. தம்பி.

"என்னக்கா, டாக்டர் என்ன சொன்னாரு?"

அம்மா வேண்டாம் என்று தலையசைத்தாள். கண்கள் கெஞ்சின.

அவள் கையை உருவிக்கொண்டாள்.

"அப்பா குடிக்கலடா."

 அவன் சிரித்தான்.

"அப்புறம் எதுக்குக்கா அப்படித் தள்ளாடினாரு?"