ஒத்திகைத் திருடன்

அருங்காட்சியக வாசலில் அந்த ஆளின் சட்டையைக் காவலாளி கொத்தாகப் பிடித்தார். அவன் பைக்குள் ஆயிரம் வருஷத்து வெண்கலச் சிலை. அவனுக்கு முகம் வெளிறி, வியர்த்துக் கொட்டியது.

"நடிப்பு பிரமாதம் தம்பி!" காவலாளி சிரித்தார். "இன்னைக்குத் திருட்டு ஒத்திகை, ஒருத்தரை அனுப்புறோம், பிடிக்கிறீங்களான்னு பார்க்கலாம்னு காலையிலேயே மேலதிகாரி சொல்லிட்டார். பாட்டன் பூட்டன் சொத்தாச்சே, விட்டுடுவேனா?"

அவன் அவரையே வெறித்தான். பிறகு சட்டையைச் சரிசெய்துகொண்டு சிரித்தான்.

"ஒத்திகையில நீங்க பாஸ்ண்ணே! அடுத்து... இதே சிலையோட போய்த் தெருமுனை போலீசையும் சோதிக்கணும்."

"தாராளமா!" காவலாளியே சிலையைப் பூப்போலத் தூக்கிப்போய், வெளியே நின்ற அவன் காரில் வைத்து, ஒரு சல்யூட்டும் அடித்தார்.

கார் மறைந்த கொஞ்ச நேரத்தில் இன்னொருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"மன்னிக்கணும்ண்ணே, பஸ் லேட்டாயிடுச்சு. இன்னைக்கு ஒத்திகைக்குத் திருடன் நான்தான்."