இன்னொரு உதை

ரப்பர் கருகிய ஒயர்போல நரம்புகளின் மேலுறை அழிந்து, தசரதனுக்கு இரண்டு கால்களும் விழுந்துபோயின. மனைவி குமுதா அவனை முதுகில் சுமந்துபோய் ஸ்டெம்செல் ஊசி போட்டுக் கூட்டிவந்தாள். மூலிகைச் சத்து மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்தாள். பதிலுக்கு அவன் சொம்பை எறிந்து அவள் நெற்றியைப் பிளந்தான்.

“காலு மட்டும் வரட்டும், உன்ன மிதிச்சே சாவடிக்கிறேன்.”

“வரட்டும்,” என்றாள் ரத்தத்தைத் துடைத்தபடி. உத்திரமேரூரில் இப்படியொரு மானங்கெட்டவளா என்று அவனுக்குச் சிரிப்பு வந்தது.

ஒருநாள், மாத்திரையோடு குனிந்தவளை நெஞ்சிலேயே உதைத்தான். சுவரில் மோதி விழுந்தவள், போனை எடுத்து கேமராவை அவன் பக்கம் நீட்டினாள்.

“இன்னொருவாட்டி ஒதை.”

கால் வந்த திமிரில், கட்டிலோரம் கிடந்த நாற்காலியை உதைத்து உடைத்தான்.

“போதும். வீடியோவ வக்கீலுக்கு அனுப்பிக்கினு கீறேன். காலு வராதுன்னுதானே, எம்பொண்ண ஒதைச்சுக் கொன்ன கேசுல உனக்கு ஜாமீன் குடுத்தாங்கோ?”