ஏறிட்டாளாம்

“ஏறிட்டாளாம் அக்கா. டாக்கி எவரெஸ்ட் உச்சியில ஏறிட்டாளாம்!”

பக்கத்து லாட்ஜ்காரன் ஃபுர்பா வயர்லெஸ்ஸைத் தூக்கிக்கொண்டு சமையற்கட்டுக்குள் ஓடி வந்தான். நாம்சே பஜார் கிராமத்தின் பாதிப் பெண்கள் அங்கேதான் காத்திருந்தார்கள். கொண்டாட்டத்துக்கு வைத்திருந்த கள்ளுப் பானையின் மூடியில் கை வைத்தபடி டாக்கியின் அம்மா அங்மு மட்டும் அசையவில்லை.

“ஏறிட்டாளாமா, ஏறிட்டாளா?”

எங்கள் ஷெர்பா பேச்சில் கண்ணால் பார்த்ததைச் சொன்னால் சொல்லுக்கு ஒரு வால், காதால் கேட்டதற்கு வேறு வால். மாற்றி ஒட்டினால் பொய்யன் என்று பெயர் வந்துவிடும்.

“அடிவார முகாம்ல சொன்னாங்க,” என்று ஃபுர்பா இழுத்தான்.

“அவங்க பார்த்தாங்களா? கேளு.”

மகளே வந்து கதவைத் தட்டினாலும் இவள் சாட்சி கேட்பாள் என்று ஒருத்தி சிரித்தாள். அங்முவுக்குச் சிரிப்பு வரவில்லை. முன்பு இதே மலைக்குப் போன அவளுடைய கொழுந்தனும் பத்திரமாக இறங்கிவிட்டானாம் என்றுதான் அன்று சொன்னார்கள். ஊரே குடித்து ஆடியது. அவன் இன்றுவரை வரவில்லை.

அத்தோடு அவள் கணவன் கல்தேன் மலையேறுவதையே விட்டுவிட்டான். மகள் வழிகாட்டி வேலைக்குக் கிளம்பியபோது, “அவ போனா நான் இந்த வீட்ல இல்ல” என்று கத்தினான். அங்முதான் பிடிவாதமாகக் கழுத்தில் வழியனுப்பும் வெள்ளைத் துண்டு போட்டு அவளை அனுப்பிவைத்தாள். மறுநாளே யாக் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேய்ச்சலுக்குப் போனவன், ஒரு மாதமாக ஆளைக் காணோம். மலையேறும் பூட்ஸும் பரணில் இல்லை. கோபத்தில் யாருக்கோ விற்றிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த மனுஷன் முகத்தில் எப்படி விழிப்பது?

அடிவார முகாமுக்கு மேல் முகாமிலிருந்து சொன்னார்களாம். மேல் முகாமுக்கு அதற்கும் மேலேயிருந்து சொன்னார்களாம். ஒவ்வொரு ‘ளாமு’க்கும் அங்முவின் கை மூடியை இன்னும் அழுத்தியது. ஃபுர்பாவும் விடாமல் கத்திக்கொண்டே இருந்தான்.

கடைசியில் ஒரே காற்றிரைச்சல். அதற்கு நடுவே, மூச்சு வாங்கும் ஓர் ஆண்குரல்.

“ஏறிட்டா. நான் பார்த்தேன். பக்கத்துலதான் நின்னு அழுதுக்கிட்டிருக்கா.”

அங்முவின் கை மூடியிலிருந்து நழுவியது. பெண்கள் போட்ட கூச்சலில் பானையே ஆடியது. அவள் வயர்லெஸ்ஸைப் பிடுங்கினாள்.

“உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும். யாருய்யா நீங்க?”

காற்றுக்கு நடுவே அந்தக் குரல் தணிந்தது.

“மாடெல்லாம் என் தங்கச்சி வீட்ல பத்திரமா இருக்கு, அங்மு. திட்டாதே.”